வட்டத்தொட்டி சொல்லும் பாடம்: பிள்ளைகளைப் பேசவிட்ட வீடுகள்

முன்னுரை

குற்றாலம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அருவியும் ஆடிச் சாரலும்தான். தென்காசி என்றால் காசி விசுவநாதர் கோயில் கோபுரமும், அதன் வாசலில் ஆளைத் தள்ளுகிற காற்றும். நான் இந்தப் பக்கத்துப் பெண். ஆகவே அவற்றைப் பற்றி எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் இந்தக் கட்டுரையில் வேறொன்றை எழுதப் போகிறேன். எங்கள் ஊர்ப்பக்கத்து மூன்று வீடுகளைப் பற்றி. அந்த வீடுகளில் பெரியவர்கள் சின்னவர்களிடம் எப்படிப் பேசினார்கள், அல்லது பேசாமல் இருந்தார்கள் என்பதைப் பற்றி.

ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்பீர்கள். பிளஸ் டூ முடிந்த கோடையில் தெருவில் போகிறவர்கள் எல்லாரும் என்னைக் கேட்ட கேள்வி, "அடுத்து என்ன படிக்கப் போறே?" பால்காரர் கேட்டார், கோயில் வாசலில் பூ விற்கிற ஆச்சி கேட்டார். கேட்காதவர்கள் எங்கள் வீட்டில் இருந்த மூன்று பேர் மட்டுமே. அவர்களுக்குக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. விண்ணப்பம் ஏற்கெனவே பூர்த்தி செய்யப்பட்டிருந்தது. அதில் நான் செய்ய வேண்டியது ஒரு கையெழுத்து மட்டும்தான்.

அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

1. எட்டயபுரத்து வீடு

முதல் வீடு தென்காசியில் இல்லை, கொஞ்சம் கிழக்கே எட்டயபுரத்தில். 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி சின்னசாமி ஐயருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. பெயர் சுப்பிரமணியன், வீட்டில் சுப்பையா. பிள்ளைக்கு ஐந்து வயதிருக்கும்போதே தாய் இறந்துவிட்டார்.

சின்னசாமி ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வேலை பார்த்தவர். கணக்கில் கெட்டிக்காரர். இயந்திரங்களின் மேல் தீராத ஆசை கொண்டவர். கரிசல் நிலத்தில் விளைகிற பருத்தியை அந்த ஊரிலேயே அரைத்து எடுக்க ஓர் ஆலை வைக்க வேண்டும் என்று கனவு கண்டு, அதை நடத்தியும் காட்டினார். தன் மகனும் கணக்கும் ஆங்கிலமும் படித்து, நவீனத் தொழிலில் பெரிய ஆளாக வரவேண்டும் என்பது அவர் ஆசை. இதில் தவறு என்ன இருக்கிறது? இன்றைக்கு நம் வீடுகளில் மகன் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று நினைக்கிற அப்பாவும் அவரும் ஒன்றுதான்.

ஆனால் மகனின் மனம் வேறிடத்தில் இருந்தது. அவனுக்குச் சொற்கள் பிடித்தன, ஓசை பிடித்தது. பதினோரு வயதிலேயே எட்டயபுரத்துப் புலவர்கள் அவன் கவித்திறனைக் கண்டு "பாரதி" என்ற பட்டத்தை அளித்தார்கள். அதாவது பிள்ளையின் தனித்தன்மை ஊருக்கே தெரிந்துவிட்டது. அதன் பிறகும் தந்தை அவனைத் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு ஆங்கிலக் கல்விக்காக அனுப்பினார். 1894 முதல் 1897 வரை அங்கே படிப்பு. அந்தப் படிப்பு தனக்கு எப்படி இருந்தது என்று பாரதி பின்னாளில் தன் சுயசரிதைக் கவிதையில் கசப்போடு எழுதியிருக்கிறார். அதில் தந்தைக்கு ஏற்பட்ட செலவையும், தனக்கு நேர்ந்த நஷ்டத்தையும், இதனால் யாருக்கும் நன்மை விளையவில்லை என்பதையும் அவர் சொல்கிறார்.

ஆலையும் நிலைக்கவில்லை. வெள்ளையர் வணிகத்தின் போட்டியில் அது நொடித்தது. போட்ட பணம் போய் வறுமை வந்தது. 1898-இல் சின்னசாமி ஐயர் மனமுடைந்து இறந்தார். மகனுக்கு அப்போது பதினாறு வயதுகூட நிறையவில்லை. முந்தைய ஆண்டுதான் அவனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண் கடையத்துச் செல்லம்மா, வயது ஏழு.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். அதே 1897-இல் சிறுவன் பாரதி எட்டயபுரம் மன்னருக்குத் தன் படிப்புக்கு உதவி கேட்டுக் கவிதையிலேயே ஒரு விண்ணப்பம் எழுதினான். மன்னரிடம் பாட்டிலே பேசத் தெரிந்த பிள்ளை அவன். தந்தையிடம் "எனக்குக் கணக்கு வரவில்லை அப்பா, எனக்கு வேறு ஒன்று வருகிறது" என்று உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. தந்தை கெட்டவர் அல்லர். மகன் மேல் பாசம் இல்லாதவரும் அல்லர். ஆனால் மகனைப் பற்றிய தன் கனவை அவர் மகன் என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்.

2. கடையத்து வீடு

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில் உள்ளது கடையம். இன்று அது தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது (இந்த மாவட்டம் 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி உருவானது). ரயிலில் போனால் கீழக்கடையம் என்று பலகை இருக்கும். மேற்கே மலை, ஊருக்கு வெளியே நித்திய கல்யாணி அம்மன் கோயில். செல்லம்மாள் பிறந்த ஊர்.

பத்தாண்டுப் புதுச்சேரி வாழ்க்கைக்குப் பிறகு, 1918 நவம்பர் 20-இல் பாரதி ஆங்கில இந்தியாவின் எல்லைக்குள் வந்ததும் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். டிசம்பர் 14-இல் விடுதலையானதும் நேராக வந்தது கடையத்துக்குத்தான். 1920-இன் பிற்பகுதி வரை இங்கேதான் இருந்தார். கையில் காசு இல்லை. மாமனார் ஊரில் மாப்பிள்ளை வேலையில்லாமல் இருப்பது இன்றைக்கே எவ்வளவு பேச்சு என்று எங்கள் பக்கத்தவர்களுக்குத் தெரியும். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் கேட்கவே வேண்டாம். அதிலும் சாதி ஆசாரம் பார்க்காத மாப்பிள்ளை. 1919-இல் எட்டயபுரம் ஜமீனுக்கு அவர் மறுபடியும் ஒரு சீட்டுக்கவி எழுதினார். பதினான்கு வயதில் எழுதிய விண்ணப்பத்துக்கும் இதற்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள்.

அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவர் தங்கம்மாள், இளையவர் சகுந்தலா. எந்தத் தந்தையால் தன் விருப்பம் கேட்கப்படவில்லையோ, அந்தத் தந்தையின் மகன் இப்போது தகப்பன். அவர் எப்படி இருந்தார்?

இதற்கு நமக்கு நல்ல சாட்சிகள் இருக்கின்றன. சகுந்தலா தன் தந்தையைப் பற்றி நினைவு நூல் எழுதியிருக்கிறார். தங்கம்மாளும் எழுதியிருக்கிறார். செல்லம்மாள் 1951-இல் திருச்சி வானொலியில் "என் கணவர்" என்ற தலைப்பில் பேசினார். புதுச்சேரியில் பாரதியின் நண்பர் மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள் யதுகிரி, சிறுமியாக இருந்தபோது பாரதியோடு பழகியதை நினைவுகளாக எழுதிவைத்தார். யதுகிரி அம்மாளின் நினைவுகளைப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். அந்தச் சிறுமி கேள்வி கேட்கிறாள். பாரதி பதில் சொல்கிறார். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், போ" என்று தள்ளிவிடவில்லை. புதிதாக எழுதிய பாட்டை அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பாடிக் காட்டுகிறார். ஒரு மகாகவியின் முதல் ரசிகர்கள் பாவாடை கட்டிய சிறுமிகள்!

1915-இல் அவர் எழுதிய பாப்பாப் பாட்டு நமக்கெல்லாம் ஒன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம். அதில் அவர் பிள்ளைகளுக்குப் போட்டுக்கொடுக்கிற நாள் அட்டவணையைப் பாருங்கள். காலையில் படிப்பு, பிறகு பாட்டு, மாலை முழுவதும் விளையாட்டு. டியூஷன் எங்கேயும் கிடையாது. தேசியக் கல்வி பற்றிய தன் கட்டுரையில் அவர் வீட்டையும் நாட்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நாடு என்பது குடும்பங்கள் சேர்ந்தது, ஆகவே குடும்பத்தில் நடக்கிற கல்வி சரியில்லாமல் நாட்டின் கல்வி சரிப்படாது என்பதே அவர் எண்ணம்.

இதை வைத்துப் பாரதியை முழுமையான குடும்பத்தலைவர் என்று நான் சொல்ல வரவில்லை. அடுப்பில் உலை வைக்க அரிசி இல்லாத நாட்களைச் செல்லம்மாள்தான் தாங்கினார். அந்தக் கஷ்டம் அவருடைய வானொலிப் பேச்சிலும் ஒலிக்கிறது. ஆனாலும் பிள்ளைகளோடு பேசுவதில் அவர் தன் தந்தையின் வழியில் போகவில்லை. அந்தப் பெண்கள் பின்னாளில் பேனா எடுத்துத் தந்தையைப் பற்றி எழுதினார்கள் என்பதே அதற்கு அத்தாட்சி. பேசவிடாத வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இப்படி எழுத மாட்டார்கள்.

3. வட்டத்தொட்டி

இனி மூன்றாவது வீடு. இதுதான் கட்டுரைத் தலைப்பில் உள்ள வீடு.

தென்காசிக் குடும்பத்தைச் சேர்ந்தவர் டி.கே. சிதம்பரநாத முதலியார். தமிழ்நாடு அவரை ரசிகமணி டி.கே.சி. என்று அறியும். பாரதிக்கு ஏறத்தாழ ஒரே வயதுக்காரர். ஆனால் வாழ்க்கை நேர் எதிர். வசதியான குடும்பம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படிப்பு, திருவனந்தபுரத்தில் சட்டம், திருநெல்வேலியில் வக்கீல். 1927 முதல் 1930 வரை சென்னைச் சட்டசபை உறுப்பினர். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையத் துறை ஆணையர். படிப்பு, பதவி, மரியாதை எல்லாம் ஒழுங்காக வந்தன.

ஆனால் இன்று அவரை வக்கீல் என்றோ ஆணையர் என்றோ யாராவது நினைவு வைத்திருக்கிறோமா? இல்லை. கவிதையை ரசிக்கக் கற்றுக்கொடுத்தவர் என்றே நினைக்கிறோம். அதற்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் கிடையாது. அவர் தமிழ் வித்துவானும் அல்லர். தனக்கு எது பிடிக்கிறது என்பதை வெட்கப்படாமல் உரக்கச் சொன்னார், மற்றவர்களையும் சொல்லவைத்தார். அதுவே அவர் தனித்தன்மை.

1920-களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் நண்பர்கள் கூட ஆரம்பித்தார்கள். நடுவில் வானம் பார்த்த முற்றமும் சுற்றித் தாழ்வாரமும் உள்ள கட்டைத் தொட்டிக்கட்டு என்போம். அவர் வீட்டில் அது வட்டமாக இருந்தது. ஆகவே அந்தக் கூட்டத்துக்கே வட்டத்தொட்டி என்று பெயர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடுவார்கள். தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, சந்தா கிடையாது, தீர்மானம் கிடையாது. ஒருவர் ஒரு பாட்டைச் சொல்வார். டி.கே.சி. அதை ஒருமுறைக்கு இருமுறை நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் காட்டுவார். பிறகு பேச்சு. நடுவில் பலகாரமும் காபியும். அவர் மனைவி பிச்சம்மாளின் விருந்தோம்பலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை.

வட்டம் என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வரிசையாக உட்கார்ந்தால் முதல் வரிசை, கடைசி வரிசை என்று வந்துவிடும். வட்டத்தில் முதலும் இல்லை கடைசியும் இல்லை. வக்கீலும் இருந்தார், வேலை தேடுகிற இளைஞனும் இருந்தான். பாட்டைப் பற்றி யார் வேண்டுமானாலும் வாய் திறக்கலாம். "உரையாசிரியர் என்ன சொன்னார்?" என்பது அங்கே கேள்வி அல்ல. "உனக்கு இதயத்தில் தட்டியதா?" என்பதே கேள்வி.

பின்னர் டி.கே.சி. குற்றாலத்திலேயே வந்து தங்கினார். வட்டத்தொட்டியும் அவரோடு அருவிக்கரைக்கு வந்துவிட்டது. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், நாகர்கோவில் பக்கத்திலிருந்து கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையோடு நட்பு வளர்ந்தது. இவர்கள் பெரிய மனிதர்கள். எனக்கு முக்கியமாகப் படுகிறவர்கள் அங்கே போன இளைஞர்கள்.

தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் வருவாய்த் துறை அதிகாரியாக இருந்து கலெக்டர் வரை உயர்ந்தவர். ஆனால் தமிழர்கள் அவரை "வேங்கடம் முதல் குமரி வரை" எழுதியவராகவே அறிவோம். கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களை ரசித்து எழுதும் கண் அவருக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டால், அவரே கைகாட்டுவது டி.கே.சி.யை. அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். எஸ். மகராஜன் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானவர். அவரே ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழில் தந்தார், திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தார். இடைசெவல் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். குற்றாலத்துக்குப் போய் டி.கே.சி.யின் அன்பைப் பெற்றார். பேசுகிற தமிழிலேயே எழுதலாம், அதிலே கூச்சப்பட ஒன்றுமில்லை என்ற தைரியம் அவருக்கு எப்படி வந்தது என்பதற்கு, டி.கே.சி.யின் கடிதங்களைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எதிரில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கும் அந்தக் கடிதங்கள். பள்ளியை முடிக்காத கி.ரா. பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். "கோபல்லபுரத்து மக்கள்" நாவலுக்கு 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

ஒருவர் கலெக்டர், ஒருவர் நீதிபதி, ஒருவர் கரிசல் விவசாயி. மூவரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவரவர் தன்மையில் அவரவர் வளர்ந்தார்கள். நல்ல பேச்சு நடக்கிற வீட்டின் அடையாளம் இதுதான் என்றால் அது மிகையாகாது.

டி.கே.சி. சொன்னதெல்லாம் சரி என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. கம்பராமாயணத்தில் தனக்குக் கவியாகப் படாத பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கி, சில இடங்களில் சொற்களையும் மாற்றிப் பதிப்பித்தார். அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் தன் ரசனையை நம்பிப் பேசுகிறவன் தவறு செய்யவும் கூடும் என்பதும் அந்த வீட்டின் பாடத்தில் சேர்ந்ததுதானே.

4. ஒரு மகனின் மரணம்

டி.கே.சி.யின் மகன் பெயர் தீத்தாரப்பன். தாத்தாவின் பெயர். தீபன் என்ற பெயரில் எழுதினார். தந்தையின் சபையில் வளர்ந்து, கவிதையும் ரசனையும் உள்ளவராக மலர்ந்தவர். 1940-களின் தொடக்கத்தில், இளம் வயதிலேயே இறந்துபோனார்.

கவிமணி ஓர் இரங்கல் பாடல் எழுதி அனுப்பினார். மகனை இழந்த அந்தத் துயரத்தின் நடுவிலும் டி.கே.சி. அந்தப் பாடலின் கவிதையை வியந்து பேசினார் என்பது அவரைப் பற்றி எழுதிய பலரும் சொல்கிற செய்தி. முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை செத்த வீட்டில் பாட்டு ரசிக்கிற மனிதர் என்ன மனிதர் என்று தோன்றியது. எங்கள் தாத்தாவிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "அந்தப் பிள்ளையோட அவரு பேசுன பாஷையே அதுதானம்மா. வேற எப்படி அழுவாரு?"

அதன் பிறகு இந்தச் செய்தியை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒரு பொதுப் பேச்சு இருந்தது. பிள்ளை போன பிறகும் அந்தப் பேச்சு மிச்சம் இருந்தது. பல வீடுகளில் அப்படி மிச்சம் இருக்க ஒன்றுமே இருப்பதில்லை.

தீபனின் பிள்ளைகள் தாத்தாவின் நிழலில் வளர்ந்தார்கள். அவர்களில் தீப. நடராஜன் பின்னாளில் டி.கே.சி.யைப் பற்றி எழுதி அந்த நினைவைக் காத்தார். கி.ரா.வுக்கும் அவருக்கும் இருந்த நட்பு இலக்கிய வாசகர்களுக்குத் தெரிந்ததே. டி.கே.சி. 1954 பிப்ரவரி 16-இல் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் கல்கியும் மறைந்தார்.

5. வட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள்

இந்த வரலாற்றை எழுதும்போது எனக்கு ஒரு நெருடல் உண்டு. அதை மறைத்தால் கட்டுரை பொய்யாகிவிடும். வட்டத்தொட்டியில் உட்கார்ந்து பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். காபி எங்கிருந்து வந்தது? அடுப்படியிலிருந்து. பிச்சம்மாளின் சமையலைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிறோம். அவருக்கு எந்தப் பாட்டுப் பிடித்தது என்று படிக்கக் கிடைப்பதில்லை. கடையத்திலும் அப்படித்தான். செல்லம்மாள் வானொலியில் பேசியது 1951-இல்தான். கணவர் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து.

எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கதவு கொஞ்சம் பெரிதாகத் திறந்தது 1964-இல், குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி வந்தபோது. "தூரமா அனுப்ப மாட்டோம்" என்று சொன்ன வீடுகளுக்கு, "பக்கத்துலதானே" என்று பதில் சொல்ல ஓர் இடம் கிடைத்தது. வீட்டில் பேச்சைத் தொடங்குவதற்குச் சில சமயம் வெளியே இப்படி ஒரு கட்டடம் தேவைப்படுகிறது.

6. உலகம் பிறகு சொன்னது

1928-இல் நேரு அலகாபாத்திலிருந்து, முசோரியில் இருந்த தன் பத்து வயது மகள் இந்திராவுக்குக் கடிதங்கள் எழுதினார். பூமி எப்படித் தோன்றியது, மனிதன் எப்படி வந்தான், மொழிகள் எப்படிப் பிறந்தன என்றெல்லாம். பக்கத்தில் இருந்தால் நீ கேள்வி கேட்பாய், நான் பதில் சொல்வேன், தூரத்தில் இருப்பதால் எழுதுகிறேன் என்ற பாவனையில் அமைந்தவை அவை. மறு ஆண்டே புத்தகமாயின.

1983-இல் அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர், அறிவு என்பது ஒன்றல்ல, பலவகை என்று எழுதினார். மொழி, கணக்கு, இசை, உடல் இயக்கம், பிறரைப் புரிந்துகொள்ளுதல் என்று பட்டியலிட்டார். இந்தக் கொள்கையை ஒப்புக்கொள்ளாத உளவியலாளர்களும் உண்டு. ஆனால் ஒரே அளவுகோலால் எல்லாப் பிள்ளைகளையும் அளக்காதீர்கள் என்ற எண்ணம் இதனால் ஆசிரியர்களிடையே பரவியது.

1989 நவம்பர் 20-இல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. அதன் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கிற விஷயங்களில் தன் கருத்தைச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. பிள்ளை சொல்வதே முடிவு என்று அது சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். இந்தியா இதில் இணைந்த தேதி எது தெரியுமா? 1992 டிசம்பர் 11. பாரதியின் 110-ஆவது பிறந்தநாள்! தற்செயல்தான். ஆனாலும் எட்டயபுரத்தில் யாரும் கேட்காத அந்தச் சிறுவனை நினைத்துக்கொண்டேன்.

7. எங்கள் வீடு

இப்போது அந்தக் கையெழுத்து.

விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒன்றும் பேசாமல் இருந்தேன். அப்பாவும் பேசவில்லை. எங்கள் வீட்டில் சண்டை கிடையாது. சண்டை போடவும் பேச வேண்டுமே. மூன்றாம் நாள் சாயங்காலம் சாரல் விழ ஆரம்பித்திருந்தது. அப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிப் பக்கம் கிளம்பினார். டீக்கடையில் ஒதுங்கி நிற்கும்போது நான்தான் தொடங்கினேன்.

"எப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுட்டி."

"நீங்க என்ன படிக்கணும்னு நெனச்சீங்க?"

அப்பா டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை என்ன படிக்க வைப்பது என்று அவரிடம் ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை போலும். பிறகு மெதுவாகச் சொன்னார். அவருக்குச் சின்ன வயதில் படம் வரைவதில் ஆசை. கோயில் தூண்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து ஒரு நோட்டு முழுக்க வைத்திருந்தார். தாத்தா அவரைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பினார். அவரும் போனார். "நான் ஒங்க தாத்தாட்ட சொல்லவே இல்லம்மா. சொல்லிருந்தா விட்டுருப்பாரோ என்னவோ. தெரியாது" என்றார்.

அந்த "தெரியாது" என்ற சொல்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தாத்தா மறுத்தார் என்றால் அவர்மேல் கோபப்படலாம். கேட்கவே இல்லை என்றால் யார்மேல் கோபப்படுவது?

அன்றைக்கு நான் எனக்கு வரலாறு படிக்க ஆசை என்று சொன்னேன். அப்பா உடனே சரி சொல்லவில்லை. வேலை கிடைக்குமா, எங்கே படிப்பது, செலவு என்ன என்று வரிசையாகக் கேட்டார். சிலவற்றுக்கு என்னிடம் பதில் இருந்தது, சிலவற்றுக்கு இல்லை. இல்லாதவற்றை ஒரு வாரத்தில் விசாரித்து வந்து சொன்னேன். அம்மா குறுக்கே, "ஏங்க, அவதான படிக்கப் போறா" என்று ஒரே வரி சொன்னார். அந்த விண்ணப்பம் கையெழுத்தில்லாமலே அலமாரியில் கிடக்கிறது.

இந்த முடிவு சரியா தவறா என்பது இன்னும் சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். வரலாறு படித்து வேலையில்லாமல் நிற்கவும் கூடும். ஆனால் அப்படி நின்றாலும் அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசலாம். அதுவரை வந்துவிட்டோம்.

முடிவுரை

இந்த மூன்று வீடுகளிலிருந்தும் எங்கள் வீட்டிலிருந்தும் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

• பிள்ளையின் தனித்தன்மையைப் பெரியவர்கள் உண்டாக்குவதில்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. அது வெளியே வந்து பேச ஓர் இடம்தான் வேண்டும்.

• "நீ என்ன ஆகப் போகிறாய்?" என்ற கேள்வியைவிட, "உனக்கு எது பிடித்தது?" என்ற கேள்வி சிறியது, ஆனால் பயனுள்ளது. வட்டத்தொட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் நடந்தது.

• கேட்பது என்றால் ஒப்புக்கொள்வது அல்ல. மறுத்தாலும் காரணத்தைச் சொல்லி மறுக்கலாம்.

• பேச்சை எப்போதும் பெரியவர்கள்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளாகிய நாமும் அப்பா அம்மாவிடம் அவர்கள் ஆசையைக் கேட்கலாம். அவர்களையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

• வட்டத்தில் அடுப்படியில் இருப்பவருக்கும் ஓர் இடம் போட வேண்டும்.

அடுத்த முறை குற்றாலத்துக்குச் சாரலுக்கு வருகிறவர்கள், அருவியில் குளித்து முடித்து ஈரத்தலையோடு சூடாக எதையாவது சாப்பிட உட்காரும்போது, கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளாக இருந்தால் பக்கத்தில் இருக்கிற அப்பாவிடம் கேளுங்கள். அருவிச் சத்தத்தில் கொஞ்சம் உரக்கத்தான் கேட்க வேண்டியிருக்கும். பரவாயில்லை.

எங்கள் அப்பா போன மாதம் ஒரு நோட்டு வாங்கி வந்திருக்கிறார். இன்னும் எதுவும் வரையவில்லை. ஆனால் பென்சில் சீவி வைத்திருக்கிறார்.